கொய்யா இலைச் சாறும் சொத்தைப் பல்லும்: ஆய்வகத்தில் எதை அளக்க வேண்டும்?

கேள்வி: எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இறுதியாண்டு மாணவி நான். கொய்யா இலையின் எத்தனால் சாறு பல் சொத்தையைத் தடுக்குமா என்பதுதான் என் புராஜெக்ட். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமியை அகார் தட்டில் பரப்பி, 6 மில்லிமீட்டர் குழி வெட்டி, மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் செறிவுள்ள சாற்றை 100 மைக்ரோலிட்டர் ஊற்றினேன். தடுப்பு வளையம் (குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம்) 19 மி.மீ. வந்தது. கடையில் வாங்கிய 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷுக்கு 14 மி.மீ.தான். "குளோர்ஹெக்சிடினை விடச் சிறந்தது, மவுத்வாஷாகப் பயன்படுத்தலாம்" என்று முடிவுரை எழுதச் சொல்கிறார் கைடு. விடுதித் தோழிகள் சிலரை ஒரு வாரம் கொப்பளிக்க வைத்து எச்சிலில் கிருமி எண்ணிக்கை பார்க்கலாமா என்றும் யோசிக்கிறேன். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த முடிவுரையை எழுதாதீர்கள். உங்கள் சாறு வீண் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் செய்த சோதனைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி இல்லை, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் தகுதியுள்ள சோதனைகளைச் செய்துவிட முடியும். பெரிய கருவிகள் வேண்டாம், நல்ல பி.எச். மீட்டர் (அமிலத்தன்மையை அளப்பது; எண் குறைந்தால் அமிலம் கூடுதல்), 96 குழித் தட்டு, சென்ட்ரிஃப்யூஜ் போதும்.

முதலில் கணக்கு. உங்கள் குழியில் போனது 10 மில்லிகிராம் சாறு. பக்கத்துக் குழியில் போன குளோர்ஹெக்சிடின் 0.2 மில்லிகிராம். எடையில் ஐம்பது மடங்கு வித்தியாசம் வைத்துவிட்டு வளையங்களை ஒப்பிட முடியாது. எடையைச் சமமாக்கினாலும் ஒப்பீடு நேராகாது. வளையத்தின் அகலம் கிருமியைக் கொல்லும் வலிமையை மட்டும் காட்டுவதில்லை. அந்தப் பொருள் அகாருக்குள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. குளோர்ஹெக்சிடின் நேர்மின்னூட்டம் உள்ள மூலக்கூறு. அகாரில் எதிர்மின்னூட்டமுள்ள சல்ஃபேட் தொகுதிகள் உண்டு. குளோர்ஹெக்சிடின் அவற்றில் ஒட்டிக்கொண்டு குழியைச் சுற்றியே நின்றுவிடும். நீரில் எளிதில் கரையும் சிறிய மூலக்கூறு, வலிமை குறைவாக இருந்தாலும், விறுவிறுவென்று பரவிப் பெரிய வளையம் போடும். கிராம்பு எண்ணெய் போன்றவற்றில் சிக்கல் வேறு மாதிரி: எண்ணெய் நீரில் பரவாது, ஆவியாகி மேற்பரப்பில் வளையம் போடும்.

அகாரின் தடிமனையும் பாருங்கள். 90 மி.மீ. தட்டில் 25 மில்லிலிட்டர் ஊற்றினால்தான் 4 மி.மீ. தடிமன் வரும். அதில் வெட்டிய 6 மி.மீ. குழி சுமார் 110 மைக்ரோலிட்டர் கொள்ளும். சிக்கனம் பார்த்து 15 மில்லிலிட்டர் ஊற்றினால் தடிமன் 2.4 மி.மீ.க்கும் கீழே போய்விடும். குழியின் கொள்ளளவு 70 மைக்ரோலிட்டருக்கும் குறைவு. மீதி மேலே வழிந்து வளையத்தை அகலமாக்கிவிடும். உங்கள் தட்டுகளில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று நோட்டில் பாருங்கள். சாற்றைக் கரைத்த கரைப்பானை, அதாவது டி.எம்.எஸ்.ஓ. அல்லது எத்தனாலை மட்டும் ஊற்றிய குழி ஒன்று வைத்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. சாற்றின் பி.எச்.சும் இல்லை. புளிப்பான சாறு எதுவானாலும் அமிலத்தாலேயே வளையம் போடலாம். அந்தக் குழிக்கு அதே பி.எச்.சில் வெறும் பஃபர் வைத்துப் பார்க்காமல் இலைக்குப் பெருமை சேர்க்கக் கூடாது.

வளையச் சோதனைக்கு ஒரு வேலை உண்டு. இருபது இலைகளில் எதை எடுத்து மேலே போகலாம் என்று சலித்துப் பார்க்க உதவும். அதோடு அதன் வேலை முடிந்தது.

அடுத்தது எம்.ஐ.சி., அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு. சாற்றை டி.எம்.எஸ்.ஓ.வில் மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று கரைத்து ஸ்டாக் வையுங்கள். வடிகட்டுவதானால் பி.டி.எஃப்.இ. வடிகட்டிதான், செல்லுலோஸ் நைட்ரேட், அசிடேட் வடிகட்டிகளை டி.எம்.எஸ்.ஓ. கரைத்துவிடும். ஸ்டாக்கைச் சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஒரு குப்பியை ஒரு முறைக்கு மேல் உருக்காதீர்கள், பாலிஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகும். இதில் 20 மைக்ரோலிட்டரை பி.எச்.ஐ. பிராத்தோடு (கிருமி வளர்க்கும் சத்துத் திரவம்) சேர்த்து 1 மில்லிலிட்டர் ஆக்கினால் 4 மில்லிகிராம் செறிவு, 2 சதவீத டி.எம்.எஸ்.ஓ. இதை முதல் குழியில் 200 மைக்ரோலிட்டரும், மற்றவற்றில் வெறும் பிராத் 100 மைக்ரோலிட்டரும் வைத்து, நூறு நூறாக மாற்றிப் பத்தாவது குழி வரை பாதி பாதியாகக் குறையுங்கள். பத்தாவதிலிருந்து எடுத்த நூறைக் கொட்டிவிடுங்கள். 11-வது குழி கிருமி மட்டும், 12-வது பிராத் மட்டும். 2 சதவீத டி.எம்.எஸ்.ஓ. கலந்த பிராத்தில் கிருமி போட்ட குழி ஒன்றும் வேறு வரிசையில் இருக்கட்டும்.

கிருமிக்கு முந்தைய நாள் தகட்டில் வளர்ந்த புதிய காலனிகளை எடுத்து 0.5 மெக்ஃபார்லாண்ட் கலங்கலுக்கு வாருங்கள். அந்தத் தரக் கலங்கலை நீங்களே தயாரிக்கலாம்: 1.175 சதவீத பேரியம் குளோரைடு 0.05 மில்லிலிட்டர், 1 சதவீத கந்தக அமிலம் 9.95 மில்லிலிட்டர். இது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 கோடி செல்கள். பிராத்தில் நூறு மடங்கு நீர்த்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டால் கடைசியில் மில்லிலிட்டருக்கு 5 லட்சம். சாறு முதல் குழியில் 2 மில்லிகிராம், டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதம். மியூட்டன்ஸ் சங்கிலியாகக் கோத்து நிற்கும் இனம். நன்றாக வோர்டெக்ஸ் செய்யாவிட்டால் கலங்கல் சொல்லும் எண்ணிக்கை பொய். ஆகவே ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள்: 11-வது குழியில் கிருமி விட்டவுடன் 10 மைக்ரோலிட்டர் எடுத்து 10 மில்லிலிட்டர் சலைனில் கலந்து, அதில் 100 மைக்ரோலிட்டரைத் தகட்டில் பரப்பினால் சுமார் 50 காலனிகள் வர வேண்டும். ஐந்து வந்தாலோ ஐந்நூறு வந்தாலோ அன்றைய எம்.ஐ.சி.யைக் குப்பையில் போடுங்கள். இந்தக் கட்டத்தில் பிராத்தில் சுக்ரோஸ் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கிருமி பசை உண்டாக்கிக் கட்டிகட்டியாக அடியில் உட்கார்ந்துவிடும். 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, 24 மணி நேரம். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் இல்லையென்றால் சாதாரண இன்குபேட்டருக்குள் மெழுகுவர்த்தி ஜாடி (உள்ளே மெழுகுவர்த்தி எரிந்து அணையும் மூடிய ஜாடி) போதும்.

படிக்கும்போதுதான் இலைச் சாறு ஏமாற்றும். சாற்றுக்கு நிறம் உண்டு. அதன் டானின் (துவர்ப்புப் பொருள்) பிராத்திலுள்ள புரதத்தோடு சேர்ந்து திப்பியாகப் படியும். கலங்கல் தெரிந்தால் அது வளர்ச்சியா, படிவா? ஒவ்வொரு செறிவுக்கும் கிருமி இல்லாத குழி ஒன்று வைத்தால்தான் தெரியும். உயிருள்ள கிருமி இருந்தால் நிறம் மாறும் ரெசசூரின் சாயம் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கொய்யா இலையில் குவெர்செட்டின் வகை ஃபிளேவனாய்டுகள் நிறைய. அவை கிருமியே இல்லாமல் ரெசசூரினையும் எம்.டி.டி. சாயத்தையும் நிறம் மாற்றக்கூடும். நம்பகமான வழி, ஒவ்வொரு குழியிலிருந்தும் 10 மைக்ரோலிட்டரை அகாரில் சொட்டு வைத்து மறுநாள் எண்ணுவது. 5 காலனி அல்லது அதற்குக் கீழே என்றால் 5 லட்சத்தில் 99.9 சதவீதம் செத்தது என்று பொருள். அது எம்.பி.சி., கொல்லும் மிகக் குறைந்த செறிவு.

ஒப்பீட்டுக்குக் கடை மவுத்வாஷ் வேண்டாம். அதில் வாசனை, இனிப்பு, சில சமயம் ஆல்கஹாலும் இருக்கும். 20 சதவீத குளோர்ஹெக்சிடின் டைகுளுக்கோனேட் கரைசல் வாங்கி நீர்த்துக்கொள்ளுங்கள். அதன் எம்.ஐ.சி. பெரும்பாலும் மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம்களுக்குள் வரும். உங்கள் சாறு 500 மைக்ரோகிராமில் தடுத்தால்கூட அது குளோர்ஹெக்சிடினை நெருங்கவில்லை. அதில் வெட்கப்பட எதுவுமில்லை, கலப்படமில்லாத ஒற்றை மூலக்கூறையும் நூறு பொருள் கலந்த சாற்றையும் ஒப்பிடுகிறீர்கள். ஆனால் "விடச் சிறந்தது" என்ற சொல் அங்கேயே விழுந்துவிடுகிறது. 2 மில்லிகிராமிலும் தடுக்கவில்லை என்றால், என் கணிப்பில், கொல்லும் மருந்தாக அதைத் தொடர வேண்டாம். கீழே சொல்லப்போகும் அமிலச் சோதனையை மட்டும் செய்து பாருங்கள்.

எம்.ஐ.சி. 24 மணி நேரத் தொடர்பில் கிடைக்கும் எண். வாயில் கொப்பளிப்பது 30 விநாடியோ ஒரு நிமிடமோதான். அதற்குப் பிறகு எச்சில் கழுவிவிடும். ஆகவே நேரக் கொல்லல் சோதனை அவசியம். 9 மில்லிலிட்டர் சாற்றில் 10 கோடிக் கலங்கலில் 1 மில்லிலிட்டர் விட்டு, 30 விநாடி, 60 விநாடி, 5 நிமிடத்தில் 1 மில்லிலிட்டர் எடுத்து, 9 மில்லிலிட்டர் செயல்முறிப்புக் கரைசலில் போட்டு, அதிலிருந்து நீர்த்துத் தகட்டில் பரப்ப வேண்டும். ட்வீன்-80 3 சதவீதம், லெசித்தின் 0.3 சதவீதம் கலந்த கரைசல் குளோர்ஹெக்சிடினை முறிக்கும். இந்தப் படியை விட்டுவிட்டால் மருந்து தகட்டுக்கும் கூடவே போய் அங்கே இருந்து கொல்லும். ஒரு நிமிடத்தில் எல்லாம் செத்துவிட்டதாக நீங்கள் எழுதுவீர்கள். உண்மையில் அவை ஒரு நாள் முழுக்க அகாரில் கிடந்து செத்தவை. உங்கள் சாற்றை இதே கரைசல் முறிக்கிறதா என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டும்: 9 மில்லிலிட்டர் முறிப்புக் கரைசலில் 1 மில்லிலிட்டர் சாறு கலந்து, ஐந்து நிமிடம் விட்டு, எண்ணித் தெரிந்த சில நூறு கிருமிகளைப் போடுங்கள். போட்டது அத்தனையும் திரும்பக் கிடைத்தால் முறிந்தது. முறிப்புக் கரைசலே கிருமியைக் கொல்லவில்லை என்பதற்கும் இதே போல ஒரு சோதனை வேண்டும்.

இதையே வடிகட்டிய எச்சில் கலந்தும் ஒரு முறை செய்யுங்கள். எச்சிலில் உள்ள புரோலின் மிகுந்த புரதங்கள் டானினைப் பிடித்துக்கொள்ளும். கொய்யா இலையை மென்றால் வாய் துவர்ப்பது அதனால்தான். பிராத்தில் வலுவாகத் தெரிந்த டானின் சாறு எச்சிலில் வலுவை இழப்பதுண்டு.

இனி, உங்கள் புராஜெக்டின் மையம் இருக்க வேண்டிய இடம். பல் சொத்தை என்பது கிருமி இருப்பதால் மட்டும் வருவதில்லை. கிருமி சர்க்கரையை அமிலமாக்குகிறது, பல்மேல் படியும் கிருமிப் படலமான பிளேக்கின் பி.எச். சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்குகிறது. வேர்ப்பகுதி அதைவிட முன்பே, 6-க்கும் மேலேயே கரையத் தொடங்கும். ஜே. கிலியன் கிளார்க் 1924-ல் சொத்தைப் பல்லிலிருந்து மியூட்டன்ஸைப் பிரித்து விவரித்தார். அந்த ஒரு கிருமியை ஒழித்தால் போதும் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. இன்று அப்படிப் பார்ப்பதில்லை. அடிக்கடி சர்க்கரை வந்து அமிலம் கூடும்போது, அமிலத்தைத் தாங்கும் இனங்களெல்லாம் பிளேக்கில் கை ஓங்குகின்றன என்பது ஃபிலிப் மார்ஷ் 1990-களில் முன்வைத்த விளக்கம். மியூட்டன்ஸ் இல்லாமலும் சொத்தை வருகிறது. ஆகவே நல்ல தடுப்புப் பொருள் கிருமியைக் கொல்ல வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அமிலத்தைக் குறைத்தால் போதும், அதுவும் மற்ற நல்ல கிருமிகளைத் தொந்தரவு செய்யாமல்.

இதை அளக்கும் சோதனைக்கு உங்கள் ஆய்வகத்தில் ஆகும் செலவு மிகக் குறைவு. லிட்டர் நீரில் பொட்டாசியம் குளோரைடு 3.73 கிராம், மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 0.20 கிராம் கரையுங்கள். இரவு வளர்த்த கிருமியைச் சென்ட்ரிஃப்யூஜில் இறக்கி, இந்தக் கரைசலால் இரண்டு முறை கழுவி, அதிலேயே அடர்த்தியாகக் கலக்குங்கள். சாற்றைச் சேருங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 7.2-க்குக் கொண்டுவந்து, குளுக்கோஸ் 1 சதவீதம் ஆகும்படி விட்டு, மெதுவாகக் கலக்கிக்கொண்டே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பி.எச். குறித்து வாருங்கள், 90 நிமிடம் வரை. சாறில்லாத குழாயில் பி.எச். 4 பக்கம் சரியும். சாறுள்ளதில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் உயிருள்ள செல்களை எண்ணுங்கள். எண்ணிக்கை குறையாமல் அமிலம் மட்டும் குறைந்திருந்தால் எழுதத் தகுந்த கண்டுபிடிப்பு அது.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். சாற்றுக்கே அமிலத்தை உறிஞ்சும் தன்மை இருந்தால் பி.எச். இறங்காது, கிருமி இல்லாமல் அந்தச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டுப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இலையில் சர்க்கரையும் இருக்கும். குளுக்கோஸ் சேர்க்காத குழாயில் சாறு மட்டும் வைத்தாலே பி.எச். இறங்கினால், உங்கள் மருந்து கிருமிக்குத் தீனி போடுகிறது.

இந்தச் சோதனையில் ஒப்பீட்டுப் பொருளாக ஃபுளோரைடு இருக்க வேண்டும். குளோர்ஹெக்சிடினுக்குப் பிளேக்கையும் ஈறு அழற்சியையும் குறைப்பதில் வலுவான ஆதாரம் உண்டு. பல்லிலும் வாயின் தோலிலும் ஒட்டி மணிக்கணக்கில் வேலை செய்வது அதன் பலம். சொத்தையைத் தடுப்பதில் அந்தப் பெயர் அதற்கு இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நிபுணர் குழு 2011-ல், சொத்தையைத் தடுக்கக் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பைப் பரிந்துரைக்கவில்லை. பெரியவர்களின் வேர்ச் சொத்தைக்குக் குளோர்ஹெக்சிடினும் தைமாலும் கலந்த வார்னிஷை மட்டும் ஏற்றது. தட்டில் இவ்வளவு வலிமையாகக் கொல்லும் மருந்துக்கே இந்த நிலை என்றால், 19 மி.மீ. வளையத்தை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று யோசியுங்கள். ஃபுளோரைடோ வளையச் சோதனையில் எதையும் காட்டாது. ஆனால் சொத்தையைத் தடுப்பதாக மிக உறுதியாக நிரூபணமானது அதுதான். எனாமலை மீண்டும் கட்டுவதோடு, கிருமியின் இனோலேஸ் நொதியையும் தடுக்கிறது. தினசரி கொப்பளிப்பில் உள்ள 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு, அதாவது சுமார் 225 பி.பி.எம். ஃபுளோரைடு, உங்கள் ஒப்பீட்டுக்குச் சரியான அளவு.

நேரம் மிஞ்சினால் பயோஃபிலிம், அதாவது ஒரு பரப்பில் ஒட்டிப் படலமாக வளரும் கிருமிக் கூட்டம். ஹைட்ராக்சி அபடைட் (எனாமலின் கனிமம்) வட்டுகளை வடிகட்டிய எச்சிலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, 1 சதவீத சுக்ரோஸ் உள்ள பிராத்தில் கிருமியை வளர்த்து, தினம் இரண்டு வேளை ஒரு நிமிடம் சாற்றில் முக்கி, அலசி, புதிய பிராத்தில் வையுங்கள். ஐந்து நாள். தினமும் பழைய பிராத்தின் பி.எச்., அதில் கரைந்து வந்த கால்சியம் இரண்டையும் அளந்தால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும். கிறிஸ்டல் வயலெட் சாயத்தை மட்டும் நம்பாதீர்கள். அது உயிருள்ள செல், செத்த செல், பசை எல்லாவற்றையும் ஒன்றாக நிறமேற்றும். வட்டுக்குப் பதிலாகப் பிடுங்கிய பல் கிடைத்தால், அதைப் பெரும்பாலும் தைமால் கரைசலில் வைத்திருப்பார்கள். தைமாலே கிருமிக்கொல்லி. பல முறை நீர் மாற்றி ஊறவைத்து, கிருமி அதன் மேல் தடையில்லாமல் வளர்கிறது என்று பார்த்த பிறகே தொடங்குங்கள்.

எல்லாச் சோதனைக்கும் பொதுவாக ஒன்று. ஒரே நாளில் ஒரே கலங்கலிலிருந்து வைத்த மூன்று குழிகள் மூன்று சோதனை ஆகாது. மூன்று வெவ்வேறு நாள், மூன்று புதிய வளர்ப்பு வேண்டும். கிருமியும் ஒன்று போதாது: ஏ.டி.சி.சி. 25175 அல்லது மரபணு வரிசை தெரிந்த யு.ஏ.159 போன்ற தர வகை ஒன்றோடு, நோயாளிகளிடமிருந்து பிரித்த வகைகள் சிலவும், லாக்டோபேசில்லஸ் ஒன்றும் இருக்கட்டும். இலையை எங்கே, எந்த மாதம் பறித்தீர்கள், நூறு கிராம் காய்ந்த இலைக்கு எவ்வளவு சாறு வந்தது, மொத்த ஃபீனால் அளவு என்ன, இவை இல்லாமல் உங்கள் சோதனையை வேறொருவர் திரும்பச் செய்ய முடியாது.

விடுதித் தோழிகளைக் கொப்பளிக்க வைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டில் கொய்யா இலைக் கஷாயம் குடிப்பதும், எத்தனாலில் இறக்கிச் செறிவாக்கிய சாற்றை வாயில் வைப்பதும் ஒன்றல்ல. கரைப்பான் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, ஈறு செல்லுக்கு நச்சா என்று யாரும் பார்க்கவில்லை. மனிதர்மேல் சோதனை என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி, எழுத்து ஒப்புதல், ஆள் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எல்லாம் வேண்டும். பயோஃபிலிம் சோதனைக்கு எச்சில் வாங்குவதற்கும் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே கேளுங்கள். அப்படியே அனுமதி கிடைத்தாலும் ஒரு வார எச்சில் எண்ணிக்கை சொத்தையைப் பற்றிப் பேசாது. வெறும் தண்ணீரில் கொப்பளித்தாலும் எண்ணிக்கை கொஞ்ச நேரம் குறையும். புதிய சொத்தை வந்ததா இல்லையா என்று அளக்க இரண்டு மூன்று ஆண்டு பின்தொடர வேண்டும்.

இரண்டு மாதத்துக்கான வரிசை இது: முதல் இரண்டு வாரம் எம்.ஐ.சி., எம்.பி.சி.; அடுத்த இரண்டு வாரம் முறிப்புக் கரைசலைச் சரிபார்த்து நேரக் கொல்லல்; ஐந்தாவது, ஆறாவது வாரம் அமிலச் சோதனை; மிச்சத்தில் பயோஃபிலிம், இல்லையென்றால் எழுத்து. எச்சில் அனுமதிக்கான விண்ணப்பத்தை மட்டும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். கைடிடம் இந்த எடைக் கணக்கைக் காட்டினாலே அவருக்குப் புரியும். ஐம்பது மடங்கு வித்தியாசத்தை வைவாவில் வெளித் தேர்வாளர் முதல் கேள்வியாகக் கேட்பார். தலைப்பை "கொய்யா இலை எத்தனால் சாறு மியூட்டன்ஸின் வளர்ச்சியிலும் அமில உற்பத்தியிலும் ஏற்படுத்தும் விளைவு: ஆய்வகச் சோதனை" என்று மாற்றிக்கொள்ளுங்கள். முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் அந்தத் தலைப்பு தாங்கும்.